பதினாறு எழுத்துகளில் ஹெர்கில்ஸ்

கல் என் மார்பளவு.
அதற்கு மேல் பெரிய கல்லை
வண்டி மாடுகள் இழுக்காது என்றாள் அரசி ஆலோவ்.
இதற்குள் ஒரு மன்னனை முடிக்க வேண்டும்,
நாற்பத்தோரு ஆண்டு மூச்சை,
அதில் முப்பதாண்டு ஆட்சியை.
கூலி ஒரு பன்றி, அரை வளையம் வெள்ளி.
வெள்ளி வந்துவிட்டது.

எங்களிடம் இருப்பது பதினாறே எழுத்து.
வன்மைக்கும் மென்மைக்கும் ஒரே கீறல்,
எது என்பதைப் படிக்கிறவன் வாய்தான் சொல்ல வேண்டும்.
இவனுக்கு அது பொருந்தும் என்று
உளியைத் தீட்டும்போது நினைத்துக்கொண்டேன்.

பதினோரு வயதில் ஈரப்புல்லில் நிறுத்தினார்கள்.
சுற்றிலும் கேடயங்களில் வாள் தட்டும் சத்தம்.
அப்பனின் இடைவார் அவனை இரண்டு முறை சுற்றியது.
நானும் அன்று சிறுவன், வேலிமேல் இருந்தேன்.
பயந்தானா என்று கேட்காதீர்கள்.
மூக்கு ஒழுகியது,
துடைக்கக் கை ஒழியவில்லை,
இரண்டு கையிலும் கோடரி.

"மேற்கே கடல் கடந்தான், பொன் கொணர்ந்தான்."
இது ஆலோவ் சொல்லித் தந்த வரி.
கடந்தது உண்மை.
மூன்று கப்பலில் போனவன் ஒன்றில் வந்தான்.
அந்த ஒன்றில் கொஞ்சம் பொன்,
ஒரு மணியின் நாக்கு (மணியைக் காணோம்),
முயிரென் என்றொரு பெண்.
அவள் பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை.
ஆனால் அவள் முணுமுணுத்தால்தான்
அரண்மனைப் பசுக்கள் மடி இளகின.
அவளுக்கு இந்தக் கல்லில் இடமில்லை.

மாற்றாந்தாய் மகன் ஸ்கூலிக்கும் இல்லை.
படகுக் கொட்டகையில், தார் காயும் வாசனையில்,
இருவர் நுழைந்து ஒருவன் வெளியே வந்த மாலை.
உடலை மன்னனே கழுவினான் என்கிறார்கள்.
கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினான் என்று
ஊரில் நான்கு இடம் காட்டுகிறார்கள்,
நான்கிலும் புல் நன்றாகத்தான் முளைக்கிறது.

பிறகு கதிர் பிடிக்காத மூன்று கோடை.
வயலுக்கு அரச ரத்தம் கேட்கிறது என்று
முதலில் வடகரையில் முணுமுணுத்தார்கள்,
அப்புறம் எங்கும்.
அவன் சபைக்குத் தனியாக வந்தான்.
சட்டையைக் கழற்றி எலும்பு தெரிய நின்று
"எங்கே வெட்டுவதென்று சீக்கிரம் சொல்லுங்கள்,
குளிர்கிறது" என்றான்.
யாரோ ஒருவன் சிரித்துவிட்டான்.
அந்தச் சிரிப்பு இல்லையென்றால்
இந்தக் கல்லைப் பத்தாண்டு முன்பே செதுக்கியிருப்பேன்.
மறுநாள் தன் களஞ்சியத்தைத் திறந்தான்,
அதிலும் மரப்பட்டை மாவுதான் இருந்தது.
அன்றைக்குத்தான் அவனை மன்னன் என்று நாங்கள் நம்பினோம்.

"வீரனாய் வீழ்ந்தான்" என்று முடிக்கச் சொன்னாள்.
மூன்று கோடரிக்குத் தப்பியவனைக் கொன்றது
ஒரு கடைவாய்ப்பல்.
கொல்லன் உல்வ்கெல் குறட்டைக் காய்ச்சிப் பிடுங்கினான்,
பக்கத்துப் பல்லை.
ஒன்பது நாள் தாடை வீங்கி
முகம் ஒரு பக்கம் வேறொருவனுடையதாயிற்று.
கடைசி இரவில் ஏதோ சொன்னான்.
மகன்களைச் சொன்னான் என்கிறாள் ஆலோவ்,
ஸ்கூலியின் தாய் வேறு பெயர் சொல்கிறாள்.
வாசலில் பந்தம் பிடித்து நின்ற எனக்கு
தண்ணீர் கேட்டதுபோல் இருந்தது.
வீங்கிய வாயில்
வன்மையும் மென்மையும் ஒன்றுதான்.

சொன்னபடியே வெட்டினேன்.
கடந்தான், கொணர்ந்தான், வீழ்ந்தான்.
ஓரத்தைச் சுற்றி ஓடும் பாம்பு மட்டும் என் இஷ்டம்,
அதற்கு யாரும் வரி தரவில்லை.
அதன் இடத் தாடையில்
கல்லைச் சற்றுக் கொத்தாமல் விட்டேன்.

ஆலோவ் நேற்று வந்தாள்.
செஞ்சாயம் இன்னும் காயவில்லை.
எழுத்துகளைப் படிக்கவில்லை.
அந்த வீக்கத்தின் மேல் விரலை வைத்து
வெகுநேரம் நின்றாள்.
"இதைவிடப் பெரிதாக இருந்தது" என்றாள்.